ஈர ஸ்காஃப் மேல் போட்ட பழி

ஈரத் தலையிலிருந்து ஒற்றை முடியைப் பிரித்தெடுத்து, இரண்டு கை விரல்களாலும் பிடித்து இழுத்தேன். இழுபடவே இல்லை. டக்கென்று அறுந்தது.

கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலிருக்கும் சந்து ஒன்றில், சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சலூன். கழுவும் பேசினில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தவள் பஸ்லியா. அலவத்துகொடப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை.

இன்னொரு முடியை எடுத்து இழுத்தேன். காதுக்குப் பின்னாலிருந்து ஒன்று, பிடரியிலிருந்து ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி அறுந்தன. அறுந்த துண்டுகள் என் கையுறையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"ரீட்டா அக்கா, இன்டைக்கு முடி எப்பிடி ஈக்கி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"நல்லா இருக்குங்க மிஸ்," என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் பட்டதைத்தான் எழுதி வந்திருக்கிறேன். என்னை ஏய்த்தவர்கள், கதவைச் சாத்தியவர்கள், தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு பியூட்டிஷியன் என்று இங்கிலீஸ் பெயரில் ஒரு தொழிலா என்று சிரித்தவர்கள். 'எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்' என்று வாசகிகள் சிலர் கடிதம் எழுதினார்கள். இந்த வாரம் அப்படி எழுத உங்களுக்கு மனம் வராது. இது நான் செய்தது.

செத்த முடிக்கு ஒட்டு

முடியைப் பற்றி ஊரில் உலாவுகிற பொய்களில் பெரிய பொய், அதற்கு உயிர் இருக்கிறது என்பது. தோலைவிட்டு வெளியே வந்த முடி செத்த முடி. செத்ததற்கு வைத்தியம் கிடையாது. வேண்டுமானால் ஒட்டுப் போடலாம்.

சாயம், மருந்து போட்டு நேராக்குகிற ரீபொண்டிங், சூட்டுக் கம்பி என்று போட்டு வதைத்த முடியின் மேல்தோலில் பொத்தல் விழும். நுணுக்கி உடைத்த புரதத்தைக் கொண்டுபோய் அந்தப் பொத்தல்களில் உட்கார வைப்பதுதான் நாங்கள் போடுகிற புரோட்டீன் ட்ரீட்மென்ட். வீட்டில் முட்டையை உடைத்துத் தலையில் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை உள்ளே போகாது. சுடுதண்ணீர் பட்டால் தலையிலேயே அவிந்துவிடும். அப்படி அவிந்த முட்டையைப் பல்லுச் சீப்பால் வாரி எடுத்த நாட்கள் எனக்கு உண்டு.

எந்த முடிக்கு புரோட்டீன் வேண்டும் என்று அறிய, நனைத்துவிட்டு இழுத்துப் பார்ப்போம். சுவிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனால் புரதம் போதாது. கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் நல்ல முடி, அதைச் சும்மா விட வேண்டும். நீளாமல் அறுந்தால் புரதம் கூடிவிட்டது, முடி விறைத்துப்போய்விட்டது. அதற்கு மேல் ஈரப்பதம் கொடுக்கிற கிரீம் மட்டும்தான். புரோட்டீன் போத்தலைத் தொடவே கூடாது.

இதை அறிய டிப்ளோமா வேண்டாம். இரண்டு விரல் போதும். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

திரைக்குப் பின்னால்

பஸ்லியா முதன்முதல் வந்தது அவளுடைய உம்மாவோடு. எங்கள் சலூனில் பின்பக்கம் திரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. ஆண் குரல்கூட உள்ளே வராது. அந்த அறைக்காகவே அக்குறணை, அலவத்துகொடப் பக்கத்திலிருந்து முஸ்லிம் பெண்கள் மாத்தளை பஸ்ஸில் ஏறி வருவார்கள்.

ஸ்காஃபை அவிழ்த்ததும் இடுப்பைத் தொடும் முடி விழுந்தது. பார்க்க அழகு. நனைத்து இழுத்தேன், சவ்வு மாதிரி நீண்டுகொண்டே போனது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு மலிவுக் கடையில் ரீபொண்டிங் செய்திருந்தாள். கழுத்துக்குக் கீழே இருந்த முடி அத்தனையும் அதில் வெந்தது. கழுத்துக்கு மேல் வளர்ந்தது மட்டும் பழுதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். காலை பத்து மணிக்கும் பிடரி ஈரமாக இருந்தது.

"விடிய சுபஹு தொழ எழும்பித் தலை முழுகுவேன் அக்கா. ஆறரை பஸ்ஸைப் புடிக்கணும். எங்க காயவெக்கிற? அப்பிடியே சுத்திக் கட்டிட்டு ஓடுவேன்," என்றாள்.

"காயாம கட்டாதீங்க மிஸ், நாத்தம் புடிக்கும், சிக்கு விழும்," என்றேன். போகிற போக்கில் சொன்னதுதான். அந்த ஊர் டீச்சர்மார் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

உம்மா குள்ளமான மனுஷி. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். கலியாண நாளில் ஆண்கள் வராத பெண்கள் பக்கத்தில் ஸ்காஃபை எடுத்துவிட்டு, முடியை விரித்து, பூ வைத்து மகளை உட்கார்த்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள்.

"ஒட்டு முடி மட்டும் வேணாம். அது எங்களுக்குக் கூடாது. அவட சொந்த முடிதான் ஈக்கோணும்," என்று உம்மா அழுத்திச் சொன்னார்.

மற்றக் கலியாணப் பெண்களுக்கு முடி போதாவிட்டால் நாங்கள் கவலைப்படுவதில்லை. இரண்டு கட்டு ஒட்டு முடியைச் சொருகினால் கதை முடிந்தது. எங்கள் தொழிலில் எத்தனையோ பிழைகள் அந்த ஒட்டு முடிக்குள் மறைந்து கிடக்கின்றன. இந்தப் பெண்ணின் தலையில் அதற்கு வழியில்லை. இருப்பதைக் கெடுத்தால் கெட்டதுதான். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

நாலு தரம்

முதல் தரம் போட்டது சரியான வேலை. எண்ணெய்ப் பிசுக்குப் போக இரண்டு முறை கழுவி, புரோட்டீனைப் பகுதி பகுதியாகத் தடவி, ஸ்டீமருக்குக் கீழே உட்கார வைத்தேன். காயக் காய முடி கம்பி மாதிரி விறைக்கும். அந்த நேரம் தொடவே கூடாது, வளைத்தால் உடையும். அலசி எடுத்து, ஈரப்பத கிரீம் போட்டு, காய வைத்தேன். பஸ்லியா கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். அடுத்த முறை வரும்போது உம்மா கிண்டிக் கொடுத்த மஸ்கட் அல்வா ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

அவ்வளவு பலமான புரோட்டீன் போட்டால் ஆறு கிழமையாவது விட வேண்டும். சலூனின் சொந்தக்காரி, எங்கள் மெடம், வைத்திருந்த மணப்பெண் பெக்கேஜில் நாலு கிழமைக்குள் நாலு தரம். நாலு என்று போட்டால்தான் வருகிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. இரண்டாம் தரம் போட்டபோதே முடி சொரசொரத்தது. நான் பேசாமல் இருந்தேன். மூன்றாம் தரம்தான் விரலுக்குள் அறுந்தது.

கையுறையைக் கழற்றாமலே பின்பக்கம் தேத்தண்ணி வைக்கிற அறைக்குப் போனேன். மெடம் போனில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பில் வளர்ந்தவர், சத்தம் போட்டே பேச மாட்டார்.

"மெடம், அந்த டீச்சர் முடி அறுகுது. இன்னிக்கு புரோட்டீன் போட வேணாங்க. வெறும் கிரீம் போட்டு அனுப்பிடுவோம்."

"நாலு தரம்னு சொல்லித்தானே எடுத்தோம்? மூணாவதுல நிப்பாட்டினா ஏன்னு அந்தத் தாய் கேட்பாங்க. என்ன சொல்லப் போறீங்க? ரெண்டாவது தரம் போட்டது பிழைன்னா?"

"இல்லைங்க மெடம்..."

"இப்பிடிப் பயந்துகிட்டா குண்டசாலையை எப்பிடி நடத்தப் போறீங்க ரீட்டா?"

குண்டசாலை. பல்லேகலைக்குப் போகிற வழியில் மெடம் புதிதாக ஒரு கிளை திறக்க இருந்தார். அதற்குப் பொறுப்பாக என்னைப் போடுவதாக அரைகுறையாகச் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் அடுத்தவர் கதிரைக்குப் பின்னால் நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஹந்தானை லயத்தில் என் வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்குக் கீழே வேலை பழகிய இரண்டு பேர் சொந்தக் கடை போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு சின்ன விலைக்குப் போனேன் என்று தெரியட்டும் என்று சொல்கிறேன்.

திரும்பிப் போனேன். புரோட்டீனைத் தடவினேன். வழக்கத்தைவிடப் பதமாகத் தடவினேன், அதனால் ஏதோ குறையும் என்பது போல. பஸ்லியா தன் வகுப்பில் ஒரு பிள்ளை அழிறப்பரைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன்.

எல்லாம் உண்மைதான்

நாலு நாள் கழித்துத் தாயும் மகளும் வந்தார்கள். உம்மாவின் கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதற்குள் முடி. இரவு பின்னிப் படுத்து, காலையில் பின்னலை அவிழ்த்துச் சீப்பு வைத்தபோது கழுத்து மட்டத்தில் கொத்துக் கொத்தாக உடைந்து வந்திருக்கிறது. வெந்த முடிக்கும் நல்ல முடிக்கும் இடைப்பட்ட இடம் அது, அங்கேதான் உடையும்.

திரைக்குப் பின்னால் அன்றைக்கு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். பஸ்லியா ஸ்காஃபை எடுத்தாள். ஒரு பக்கம் இடுப்பு வரை, ஒரு பக்கம் கழுத்து வரை, பின்னால் எலி கடித்த மாதிரி. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெடம் பதறவில்லை. முடியைக் கையிலெடுத்துப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாகக் கேட்டார்: "டீச்சர், ஈரத்தோடயா ஸ்காஃப் கட்டுறீங்க?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஓ... விடிய அவசரத்துல கட்டுவேன்."

"ட்ரீட்மென்ட் எடுத்த முடியை ஈரத்தோட இறுக்கிக் கட்டினா உடையாம என்ன செய்யும்? ரீட்டா, நீங்க சொன்னீங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்லியாவும் பார்த்தாள். அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தாள்.

"மொத நாளே சொன்னேனுங்க," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் சொன்னது உண்மை, அவள் கட்டியதும் உண்மை. உண்மையை வைத்தே ஒருத்தியைக் கவிழ்க்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உம்மா மகளின் பிடரியில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "எத்தின தரம் செல்லீப்பேன்! காயவெச்சிக் கட்டு காயவெச்சிக் கட்டு என்டு! கேட்டியா நீ?" இரண்டாவது அடி தோளில் விழுந்தது. கலியாணத்துக்கு நாள் குறித்த இருபத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு டீச்சர், மூன்று அந்நியப் பெண்களுக்கு முன்னால் தலையைக் குனிந்து அடி வாங்கினாள். "மன்னிச்சிக்கோங்க உம்மா," என்றாள்.

நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டினேன்.

அம்மாவின் முக்காடு

அந்தப் பழி எவ்வளவு பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அம்மா ஹந்தானை மலையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். விடியற்காலைப் பனியில் நனைந்த முக்காட்டுச் சீலை, மழையில் இன்னும் நனைந்து, மாலை வரை தலையிலேயே கிடக்கும். காய்ந்த சீலையோடு அவர் மலையிறங்கி வந்த நாட்கள் குறைவு.

உச்சியில் கூடைக் கயிறு பதிகிற இடத்தில் மட்டும் அம்மாவுக்கு முடி தேய்ந்திருந்தது. மற்றபடி சாகும்வரை கைக்கு அடங்காத கொண்டை. ஈரத்தில் கட்டினால் தலை நாறும், பொடுகு வரும், கொஞ்சம் முடி கொட்டவும் செய்யும். நாலு நாளில் கொத்தாக உடையாது. உடைத்தது புரோட்டீன். அதைத் தடவிய கை என்னுடையது.

அன்றைக்கே இன்னொன்றும் எனக்கு உறைத்தது. பழியைப் போட மெடம் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஸ்காஃப் கண் முன்னால் இருந்தது. இந்த ஊரில் அதன் மேல் எதைச் சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும், கேட்கிறவர்கள் பாதி கேட்கும்போதே தலையாட்டுவார்கள். நான் அதைத் தெரிந்துகொண்டுதான் ஒத்து ஊதினேன்.

கலியாணத்துக்கு அலங்காரம் செய்ய என்னைத்தான் அனுப்பினார்கள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிச் சரிசெய்திருந்தோம். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் ஸ்காஃபைக் கழற்றிவிட்டு, பூவும் அத்தருமாக இருந்தார்கள். மணப்பெண் மட்டும் வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி பக்கத்தில் வந்து, "என்ன, எங்களுக்குமா மறைக்கிற?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் குண்டசாலைக் கடை என் பொறுப்புக்கு வந்தது.

தங்கச்சியின் தலை

அதன் பிறகு சில வருடங்கள். ஒரு சனிக்கிழமை காலை, குண்டசாலைக் கடைக்கு பஸ்லியா வந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். கூடவே அவளைப் போலவே கண் உள்ள ஒரு இளம்பெண், தங்கச்சி. அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள்.

"ரீட்டா அக்காட கையாலதான் செய்யோணும் என்டு தேடிப் புடிச்சி வந்தேன்," என்றாள். "எனக்குப் பேசின அதே நாலு தரத்தையும் இவளுக்குப் போடுங்க. என்ட பிழையால என்டது நாசமாப் போச்சி. இவளுக்கு நான் படிச்சிப் படிச்சிச் செல்லீக்கேன். ஈரத்தோட கட்டவே மாட்டா."

தங்கச்சி சிரித்தாள். "தாத்தா ஸ்கூல்லயும் இதத்தான் செல்றவ. கேர்ள்ஸ் எல்லாருக்கும் மனப்பாடம்." அவர்கள் வழக்கில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

தங்கச்சியின் முடியை நனைத்து இழுத்தேன். நீண்டது, சுருங்கியது. சாயம் படாத, சூடு படாத, தங்கமான முடி. ஒரு சொட்டுப் புரோட்டீன்கூடத் தேவையில்லை.

இவளுக்கு ஒன்றும் வேண்டாம், நல்ல முடி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பஸ்லியா பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்டைக்கு நீங்க மட்டும்தான் முன்கூட்டியே செல்லித் தந்தீங்க," என்று என் கையைப் பிடித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சொன்னேன். விரலுக்குள் அறுந்ததை, தேத்தண்ணி அறையில் பேசியதை, தெரிந்துகொண்டே தடவியதை. "ஸ்காஃபால இல்லைங்க மிஸ். நாங்க போட்டதுதான். எனக்குத் தெரியும்," என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன். இவள் அழுவாள், ஏசுவாள், கடைசியில் போகட்டும் அக்கா என்பாள், என் நெஞ்சும் லேசாகும் என்று நினைத்தேன்.

அவள் ஏசவில்லை. என் கையை விட்டாள். கதிரையில் உட்கார்ந்தாள்.

"உம்மா போன நோன்புக்கு முந்தி மௌத்தாகிட்டா," என்றாள்.

அவர் இறந்ததற்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"எனக்குப் புள்ள பொறந்து முடி கொட்டினாலும் செல்லிக் காட்டுவா. பேச்சுக் கேக்காத தலை என்டு. மாமி வீட்டுல ஏதும் சத்தம் வந்தாலும் அந்த முடிக் கதையிலதான் கொண்டுபோய் முடிப்பா. நானும் சரிதானே, நான் செஞ்சதுதானே என்டு பேசாம ஈந்தேன். கடைசியா ஆஸ்பத்திரியில படுத்தீக்கிறப்ப என்ட தலையத் தொட்டுப் பாத்தா. 'ஈரத்தோடயா வந்தீக்கி?' என்டு கேட்டா. இல்ல உம்மா, காயவெச்சித்தான் வந்தேன் என்டேன். அண்டைக்குச் செஞ்சதுக்கு என்ன மாப்புச் செய்ங்க என்டும் கேட்டேன்."

தங்கச்சி ஈரத் தலையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடிச்சதுக்கு அவ ஒருநாளும் வருந்தல்ல ரீட்டா அக்கா. வருந்த ஒண்டு ஈக்கி என்டே அவவுக்குத் தெரியாமப் போச்சே."

பிறகு எழுந்து, என்னிடமிருந்த துவாயை வாங்கித் தானே தங்கச்சியின் தலையைத் துடைத்தாள். நான் ட்ரையரை எடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தாள். யன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் தங்கச்சியை உட்கார வைத்து, முடி முழுவதும் காயும் வரை பக்கத்திலேயே நின்றாள். காய்ந்ததும் ஸ்காஃபைக் கட்டிவிட்டாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

மன்னிப்புக் கேட்க நான் வைத்திருந்த சொற்களைச் சொல்லவே இல்லை. நான் செய்த பிழைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தாள்.